கட்டுப் பிரிக்கும் காட்சி

ஜூன் 3, செவ்வாய்

எழிலரசிக்கு இன்றைக்கு ஆறு க்ளோசப். எனக்கு இரண்டு. அந்த இரண்டில் ஒன்றில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன், இன்னொன்றில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறேன். இதற்கு நான் எதற்கு, என் புடவையை ஒரு ஸ்டூலுக்குக் கட்டி நிறுத்தியிருக்கலாம்.

நாலு வருடமாக ‘ஏழு படிக்கட்டு’ தொடரில் மங்கையர்க்கரசி நான்தான். பெரிய வீட்டு மாமியார். நான் சாவிக்கொத்தை ஆட்டினால் பாதித் தமிழ்நாட்டில் பால் பொங்கி வழிகிறது என்று டைரக்டர் சபாபதி சாரே சொல்லியிருக்கிறார். பங்குனியில் என் சம்பந்தி காந்திமதியாக இந்த எழிலரசியைக் கொண்டுவந்து நுழைத்தார்கள். அன்றைக்குப் பிடித்தது சனி.

கேமராமேன் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்கிறான்: "எழில் மேடம் மூக்குல லைட் என்னமா நிக்குது பாருங்க சார். எந்த ஆங்கிள்ல வெச்சாலும் ஒத்துக்குது."

மூக்கா அது? ஆள் வருவதற்கு முன்னால் அது வருகிறது. பிறந்ததிலிருந்து அப்படித்தான். அதை ஒருத்தன் புகழ்கிறான், நான் கேட்டுக்கொண்டு நிற்கிறேன். வீட்டுக்கு வந்து வைத்த வற்றல் குழம்பில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன். என் கணவர் வரதன் மோரை விட்டுப் பிசைந்து சாப்பிட்டார்.

ஜூன் 5, வியாழன்

காலையில் மேக்கப் நாற்காலியில் உட்கார்ந்ததும் சேவியர் பஞ்சை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். நாலு வருடமாக என் முகத்துக்கு வர்ணம் பூசுகிறவர், அவர் நிற்கிறார் என்றால் விஷயம் இருக்கிறது.

"மேடம், நுனியில கொஞ்சம் சிவந்திருக்கே. பருவா?"

"பருதான். மூடுங்க."

பரு இல்லை. எனக்குத் தெரியும். மாம்பழ சீசன் தொடங்கும்போதே தெரியும். நுனித் தோல் மெலிந்து வழவழவென்று பளபளக்கிறது. நேர் வெளிச்சத்தில் நின்றால் மூக்குத் தண்டு துணிக்கு அடியில் வைத்த ஸ்கேல் மாதிரி கோடாகத் தெரிகிறது. இப்போது அது லேசாக இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. மானிட்டரில் நான் அதை மட்டும்தான் பார்க்கிறேன். என் வசனம் காதில் விழுவதில்லை.

உள்ளே இருப்பது சிலிக்கான். இருபத்தைந்து வயதில் பம்பாயில் வைத்தது. இது வரதனுக்குத் தெரியும். அந்த மூக்குக்காரிக்கும் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

ஜூன் 9, திங்கள்

ஷூட்டிங் இல்லை. கேஸ் சிலிண்டர் வந்தது. அதை மாட்டிவிட்டு, முகத்தில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு டாக்டர் பர்வீனிடம் போனேன். மூக்கு, முகச் சீரமைப்பு எல்லாம் பார்க்கிற அம்மாள். என்னை அடையாளம் தெரிந்தாலும் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

விளக்கை மூக்குக்குக் கிட்டே வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"உள்ள இருக்கறதுக்கு வயசாகலம்மா. அது மேல இருக்கற தோலுக்கு வயசாயிடுச்சு. அது இத்தனை வருஷமா உள்ளேர்ந்து முட்டிக்கிட்டே இருக்கு. இப்படியே விட்டா ஒரு நாள் நுனியைப் பொத்துக்கிட்டு வெளிய வந்துடும்."

"பெரிய ஆபரேஷன் வேணாம் டாக்டர். எனக்குத் தினமும் ஷூட்டிங். சின்னதா ஏதாவது சொல்லுங்க. அந்த ஃபில்லர் ஊசி போடறாங்களே..."

"எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. கோணலை நிரப்பி மறைக்கலாம், நெஜம்தான். ஆனா உங்களுக்கு நான் போட மாட்டேன். மெலிஞ்ச தோல், ரத்த ஓட்டமே கம்மி. அதுக்குள்ள இன்னொண்ணைத் திணிச்சா தோல் செத்துடும். கண்ணுக்கே ஆபத்து வரலாம்."

"நூல் போட்டுத் தூக்கறாங்களாமே?"

"உங்க மூக்குல அதுவும் அதே கதைதான். நான் சொல்றது, எடுத்துடறது. அதுவும் சின்ன விஷயம்தான். மரத்துப்போக ஊசி போட்டு, மூக்குத் துவாரத்துக்குள்ளேயே கீறி உருவிடலாம். காதுக்குப் பின்னால கொஞ்சம் திசு எடுத்து நுனித் தோலுக்கடியில மெத்தை மாதிரி வெச்சுடலாம். அன்னிக்கே வீட்டுக்குப் போகலாம். முதல்ல கட்டு, அப்புறம் கொஞ்ச வாரம் வீக்கம். விலா எலும்புக் குருத்தை எடுத்துப் புதுசா மூக்குக் கட்டறாங்களே, அதுதான் பெரிய ஆபரேஷன். அது உங்களுக்கு இப்ப வேணாம்."

"எடுத்துட்டா மூக்கு?"

"இறங்கும்."

"எவ்வளவு?"

"முன்ன உங்களுக்கு எப்படி இருந்துச்சோ, கிட்டத்தட்ட அப்படி."

அந்த மூக்கை நான் பம்பாயிலேயே விட்டுவிட்டு வந்தேன். அதை எவள் கேட்டாள்?

கட்டு, வீக்கம், கொஞ்ச வாரம். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். எங்கள் பிழைப்பில் நடிகை பத்து நாள் சேர்ந்தாற்போல வரவில்லை என்றால் டிவியில் ஒரு அட்டை போடுவார்கள். ‘இவருக்குப் பதில் இவர்.’ அவ்வளவுதான். அடுத்த நாள் வேறொருத்தி என் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு படியிறங்கி வருவாள். ஜனங்கள் ஒரு வாரம் முணுமுணுத்துவிட்டுப் பழகிக்கொள்வார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

மத்தியானம் சாப்பிடும்போது எழிலரசி டப்பாவைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கே வந்துவிட்டாள். வாழைப்பூ வடை. அவளே சுட்டதாம். நன்றாகத்தான் இருந்தது. அதுவும் எரிச்சல்.

"என்னக்கா, மூக்கு நோவுதா?" என்றாள் மெதுவாக.

"உனக்கு யார் சொன்னா?"

"யாரு சொல்லணும்? மூணு மாசமா ஒன் மூஞ்சிக்கு எதுத்தாப்புல நின்னு கத்திக்கிட்டுருக்கேன், எனக்குத் தெரியாதா? டாக்டர்ட்ட காமிச்சியா? என்ன சொன்னாக?"

"எடுக்கணுமாம். அதெல்லாம் ஆகாது. நீ உன் மூக்கைப் பாத்துக்கோ."

"எம்மூக்குக்கு என்னக்கா, அது பாட்டுக்கு கெடக்கு" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்புதான் எனக்கு ஆகாது. இருபத்தைந்து வயதில் வடபழனியில் ஒரே லேடீஸ் ஹாஸ்டல், ஒரே அறை. மதுரையிலிருந்து நாடகம் போட வந்தவள் அவள். எங்கே போனாலும் இரண்டு பேருக்கும் மூக்கில்தான் சொட்டை சொன்னார்கள். எனக்குச் சப்பையாம், அவளுக்குப் பெரிசாம். பம்பாய்க்குப் போய்ச் சரி செய்துகொள்வது என்று சேர்ந்துதான் முடிவு செய்தோம். சென்ட்ரலில் ரயில் கிளம்பப்போகிறது, இவள் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். "எனக்குப் பயமாருக்குக்கா, நீ போய்ட்டு வா" என்று பிளாட்பாரத்தில் நின்று அழுதாள்.

நான் போனேன். கதாநாயகியின் அக்காவாக, அண்ணியாக ஒரு டஜன் படம் செய்தேன். அவள் அந்த மூக்கை வைத்துக்கொண்டு வேலைக்காரி, பால்காரி, கூட்டத்தில் ஒருத்தி. சரியாகத்தானே போய்க்கொண்டிருந்தது? இப்போது பார்த்து ‘இயல்பான முகம்’ என்று ஒரு மோஸ்தர் கிளம்புகிறது. ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்தவளுக்கு யோகம், கத்திக்குக் கீழே படுத்தவளுக்கு நுனியில் சிவப்பு. இது என்ன நியாயம்?

மிச்ச வடையை வரதனுக்குக் கொண்டுவந்தேன். பிரமாதம் என்றார். வாயை மூடிக்கொண்டு சாப்பிடுங்கள் என்றேன்.

ஜூன் 14, சனி

தண்ணி லாரி வரவில்லை. பத்திரிகையில் எழிலரசி பேட்டி, முழுப்பக்கப் படத்தோடு. நான் படிக்கவில்லை. இரண்டாம் தடவையும் படிக்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

வந்ததும் வராததுமாக எழுதுகிறேன். எழுத்து எப்படி வந்தாலும் சரி.

காஸ்ட்யூம் அறைக்கு வெளியே உதவி டைரக்டர் பெண் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தது. "எழில் மேடம்தான் ஐடியா குடுத்தாங்களாம். மங்கையர்க்கரசிக்கு ஒரு ஆக்சிடென்ட் வெச்சு, முகத்துல கட்டுப் போட்டு, கோமாவுல படுக்க வெச்சுடலாம்னு. சாருக்கும் புடிச்சிருக்கு. ஒரு மணி நேரம் ரெண்டு பேரும் உக்காந்து பேசினாங்க."

கோமா! முகத்தில் கட்டு!

வெளியே இருப்பவர்களுக்கு இது விளங்காது. எங்கள் ஊர்த் தொடரில் ஒருத்தியைக் கோமாவில் படுக்க வைத்தால் அவள் வீட்டுக்குப் போகிறாள் என்று அர்த்தம். முகத்தில் கட்டு என்றால் சந்தேகமே வேண்டாம். எங்கள் தொடரிலேயே பெரிய மாமாவுக்கு அப்படித்தான் செய்தார்கள். கார் மரத்தில் மோதியது, முகத்தில் கட்டு, மூன்று வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தால் உள்ளே வேறொரு ஆள். கீழே அட்டை: இவருக்குப் பதில் இவர். பழைய மாமா இன்றைக்கு அம்பத்தூரில் சீட்டுக் கம்பெனி விளம்பரத்துக்கு நோட்டீஸ் கொடுக்கிறார்.

வடை சுட்டுக் கொண்டுவந்து, மூக்கு நோவுதா என்று கேட்டு, விஷயத்தைக் கறந்துகொண்டு போய் அங்கே போட்டுக்கொடுத்திருக்கிறாள். இத்தனை வருடம் காத்திருந்து கழுத்தறுத்திருக்கிறாள். அவளுக்கு என் சாவிக்கொத்து வேண்டும், என் க்ளோசப் வேண்டும், எல்லாம் வேண்டும்.

மூக்கு சரியாக இருந்தால் எந்தக் காரணத்தைச் சொல்லி என்னைப் படுக்க வைப்பாள்? பார்க்கிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

முடித்துவிட்டேன்.

ஒரு ஸ்வீட் ஸ்டாலுக்கு மேல் மாடியில் அழகு நிலையம். ஏசி, மல்லிகை வாசனை ஸ்பிரே, சுவரில் பெரிய பெரிய உதடுகள். "ஃபில்லர்தானே மேடம்? லஞ்ச் டைம்ல வந்துட்டுப் போயிடலாம்" என்றாள் அந்தப் பெண். மூக்குக்குள்ளே ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். நாலு வருடமாகத் தினமும் பொய் சொல்லி நடிக்கிறவளுக்கு இது ஒரு கஷ்டமா?

கண்ணாடியில் பார்த்தேன். கோணல் போயே போச்சு. மூக்கும் முழியுமாக இருக்கிறேன். வீட்டுக்கு வரும் வழியில் கீழே அரைக் கிலோ ஜாங்கிரி வாங்கினேன்.

ஜூன் 18, புதன், காலை

மேக்கப் அறையிலிருந்து எழுதுகிறேன். சபாபதி சார் பார்த்துவிட்டு, "என்ன வசுமதிம்மா, இன்னிக்கு ஆளே பளிச்சுன்னு இருக்கீங்க!" என்றார். எழிலரசி மட்டும் உற்று உற்றுப் பார்த்தாள். பாரடி, நன்றாகப் பார்.

லேசாக வலிக்கிறது. ஊசி போட்டால் வலிக்கத்தான் செய்யும்.

ஜூன் 20, வெள்ளி

இன்றைக்குத்தான் பேனாவைப் பிடிக்க முடிகிறது.

புதன்கிழமை மத்தியானம் அறையும் காட்சி. காந்திமதி மங்கையர்க்கரசியைக் கூடத்தில் எல்லார் முன்னாலும் கன்னத்தில் அறைய வேண்டும். அதற்குள் என் மூக்கு நுனி தெறித்துக்கொண்டிருந்தது. சேவியர் இரண்டு பூச்சு அதிகமாகப் பூசினார், பூசும்போதே அவர் முகம் சரியில்லை. நான் அவரை முறைத்து வாயை அடைத்தேன். இவள் எதிரில் நான் வலிக்கிறது என்று சொல்வேனா?

ஆக்‌ஷன் என்றார்கள். எழிலரசி பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள், இடது கையால் என் தாடையைப் பிடித்தாள், வலது கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. என் மூக்கையே பார்த்தாள். பிறகு கண்ணைச் சொருகிக்கொண்டு தடாலென்று கீழே விழுந்தாள்.

செட்டே ஓடி வந்தது. தண்ணீர், சோடா, எலுமிச்சம்பழம். "சார், எனக்குத் தல சுத்துது சார், இன்னிக்கு முடியாது, வசுமதியக்காவ மட்டும் எங்கூட ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க" என்று முனகினாள். பேக்கப் சொல்லிவிட்டார்கள். என் காட்சியைக் கெடுத்தது மட்டுமில்லாமல் துணைக்கு வேறு நான் போக வேண்டுமாம்.

மேக்கப் அறைக் கதவைச் சாத்தியதும் மயக்கம் எல்லாம் எங்கே போனதோ. எண்ணெயைப் பஞ்சில் தோய்த்து என் மூக்கைத் துடைத்தாள்.

"ஆத்தி! கருத்துப் போச்சேக்கா! என்னத்தப் போட்டுத் தொலைச்ச?"

கண்ணாடியைக் காட்டினாள். நுனி முழுக்க நாவல்பழ நிறம்.

பட்டுப்புடவை, அட்டிகை, ஒட்டியாணம் எல்லாவற்றோடும் இரண்டு சம்பந்திகளும் ஆட்டோவில் ஏறினோம். சிக்னலில் பைக்கில் நின்ற ஒருவர் கூப்பிட்டு, "என்னம்மா, ரெண்டு பேரும் ராசியாயிட்டீங்களா?" என்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஆட்டோவிலேயே கேட்டுவிட்டேன்.

"என்னைக் கோமாவுல படுக்க வைக்கச் சொன்னது நீதானே?"

"ஆமா, நாந்தேன் சொன்னேன்."

"வெக்கமில்லாம சொல்றே பாரு!"

"எதுக்கு வெக்கம்? எடுக்கணும்னு டாக்டர் சொன்னாகன்னு சொன்ன. எடுத்தா கட்டுப் போடணும். கட்டுப் போட்டா லீவு போடணும். லீவு போட்டா அட்டையப் போட்டுருவாய்ங்க. கதையிலயே ஒனக்குக் கட்டுப் போட்டுட்டா? நெசக் கட்டோட வந்து படுத்துக்கலாம்ல? வீங்கிருந்தாலும் ஆக்சிடென்ட்டுல வீங்குனதுன்னு ஆயிரும். மூக்கச் சொல்லல, ஒனக்கு ஒடம்பு சரியில்லன்னுதேன் சொன்னேன். ஆள மாத்தக் கூடாதுன்னு சாருட்ட வாக்கு வாங்கிட்டுத்தேன் எந்திரிச்சு வந்தேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ கேப்பியாக்கா? நாஞ் சொல்லி நீ எதக் கேட்டுருக்க?"

எனக்கு ஏன் இது தோன்றவில்லை என்றுதான் எரிந்தது. இருபது வருடத் தொழில் எனக்கு, யோசனை மட்டும் அவளுக்கு வருகிறது.

டாக்டர் பர்வீன் திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போட்டதைக் கரைப்பதற்கு ஊசி மேல் ஊசி போட்டார், விட்டு விட்டுச் சூடு வைத்தார். நாவல்பழம் மெல்லச் சிவப்பானது. "நாளைக்கு வந்திருந்தா நுனி போயிருக்கும்" என்றார். உள்ளே இருப்பதை இனி விட்டுவைக்க முடியாது, தோல் கொஞ்சம் தேறியதும் செவ்வாய்க்கிழமை எடுத்துவிட வேண்டும். சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

எழிலரசி அத்தனை நேரமும் காந்திமதி வேஷத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். போகிற வருகிற நர்ஸ் எல்லாம் அவளோடுதான் செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.

ஜூன் 24, செவ்வாய்

எடுத்தாகிவிட்டது. வலிக்கவில்லை, உருவுகிற சத்தம்தான் மண்டைக்குள் கேட்டது. காட்டச் சொன்னேன். ஒரு தட்டில் வைத்துக் காட்டினார். பழுப்பேறி, ஒடிந்த சீப்புத் துண்டு மாதிரி இருந்தது.

வரதன் எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவூண்டுதானா?" என்றார்.

ஜூன் 27, வெள்ளி

மங்கையர்க்கரசி கோமாவில் படுத்துவிட்டாள். என் சொந்தக் கட்டுக்கு மேல் ஆர்ட் டிபார்ட்மெண்ட்காரர்கள் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினார்கள். கண்ணும் வாயும்தான் வெளியே. எனக்கு நடிப்பு என்று ஒன்றும் இல்லை. காந்திமதி தலைமாட்டில் நின்று பக்கம் பக்கமாகப் பேசுகிறாள். பழி வாங்குவதற்காகவாவது நீ எழுந்து வர வேண்டும் என்று சவால் விடுகிறாள். என்ன ஏற்றம், என்ன இறக்கம். கட்டுக்குள்ளே படுத்துக்கொண்டு பல்லைக் கடித்தேன்.

நடுவில் நிஜமாகவே தூங்கிவிட்டேன். மூச்சு விடுகிற விதம் அவ்வளவு தத்ரூபம் என்று சபாபதி சார் பாராட்டினார்.

ஜூலை 4, வெள்ளி

முருங்கைக்காய் சாம்பார். மூக்குக்கு இன்னும் வாசனை வரவில்லை. கோமா நன்றாக ஓடுகிறதாம்.

ஜூலை 8, செவ்வாய்

பயந்தது நடந்துவிட்டது. சபாபதி சார் வீட்டுக்கே வந்தார். காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"வசுமதிம்மா, நான் எழிலுக்கு வாக்குக் குடுத்தது நெஜம். ஆனா சேனல்ல ஒருத்தர் கேக்கறாரு. அதான் மொகத்துல கட்டு இருக்கே, பிரிக்கும்போது சின்ன வயசா ஒருத்தரைப் போட்டுடலாமேன்னு. நான் அடம் புடிச்சேன். கடைசியில ஒரு விஷயத்துக்கு ஒத்துக்கிட்டாங்க. திங்கக்கிழமை கட்டுப் பிரிக்கற காட்சியை உங்களை வெச்சே எடுக்கறோம். எடுத்ததை அவங்க பாப்பாங்க. மொகம் ஒத்துக்குச்சுன்னா நீங்க. இல்லேன்னா..."

இல்லேன்னா அட்டை. சொல்ல வேண்டுமா?

அவருக்கு மூக்கு விஷயம் தெரியாது. உடம்பு சரியில்லை, முகத்தில் சின்ன ஆபரேஷன் என்றுதான் தெரியும். ஒரு ஷாட்டில் என் பிழைப்பு தொங்குகிறது. அந்த ஷாட்டில் காட்டப்போவது எந்த மூக்கை?

ஜூலை 10, வியாழன்

வீக்கம் ஓரளவு வடிந்துவிட்டது. குளியலறைக் கதவைத் தாளிட்டுக்கொண்டு, விளக்கைப் போட்டுப் பார்த்தேன். நேராக, இடமாக, வலமாக.

அதேதான். சப்பை. நடுவில் பள்ளம், கீழே அகலம். லேடீஸ் ஹாஸ்டல் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து அழுத அதே மூக்கு, என்னை விட்டு எங்கேயும் போகாமல், எனக்குச் சமமாக வயதாகி வந்து உட்கார்ந்திருக்கிறது. குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். மூக்கைச் சிந்தக்கூட டாக்டர் அனுமதி இல்லை.

வரதன் வெளியில் நின்றுகொண்டிருந்தார். "பொண்ணு பாக்க வந்தப்ப உங்கம்மா ஒரு பழைய போட்டோ காட்டினாங்க. இந்த மூக்குதான் அதுல. அதைப் பாத்துதான் நான் சரின்னேன்" என்றார்.

இதை இத்தனை வருடம் கழித்தா சொல்வது? மனுஷனுக்கு வாயில் என்ன இருந்தது? ஆனாலும் அதற்குப் பிறகு கொஞ்சம் சாப்பிட முடிந்தது.

ஜூலை 14, திங்கள்

எடுத்துவிட்டார்கள். என் கோபம் இன்னும் அடங்கவில்லை.

கட்டுப் பிரிக்கும் காட்சி. குடும்பமே கட்டிலைச் சுற்றி நிற்கிறது. மூன்று கேமரா. எழிலரசிக்கு வசனமே இல்லை, வாசல் ஓரம் நின்று எகத்தாளமாகப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இந்த ஒரு காட்சியாவது முழுசாக என்னுடையது என்று நினைத்தேன்.

டாக்டர் வேஷக்காரர் கட்டைச் சுற்றிச் சுற்றிப் பிரித்தார். கடைசிச் சுற்று விழுந்தது. முகத்தில் காற்றுப் பட்டது. நான் மெல்லக் கண்ணைத் திறந்து நிமிர்ந்தேன். யாரோ ‘ஹா’ என்று மூச்சு இழுக்கிற சத்தம். என் மூக்கைத்தான் பார்த்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

அந்த நொடியில் வாசலிலிருந்து ஓர் அலறல். "சம்மந்தீ..." என்று கத்திக்கொண்டு எழிலரசி ஓடி வந்தாள். ஸ்கிரிப்டில் இல்லை, ஒத்திகையில் இல்லை. கட்டிலில் விழுந்து என் முகத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஓவென்று அழுதாள். கிளிசரின் இல்லை. மூக்கு சிவந்து, ஒழுகி, அசிங்கமாக, யாரும் நடிப்பில் அழத் துணியாத அழுகை. மூன்று கேமராவும் அவள் மேல் பாய்ந்தன. சபாபதி சார் கட் சொல்லவே மறந்துவிட்டார். லைட்மேன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நானும் அழுதேன். அது அங்கே யார் கண்ணில் பட்டது?

மேக்கப் அறையில் போய்ப் பிடித்துக்கொண்டேன்.

"ஏண்டி, என் சீன்ல வந்து எதுக்குடி விழுந்தே? உனக்கு நிக்கத்தானே சொன்னாங்க?"

முறுக்கைக் கடித்துக்கொண்டே நிமிர்ந்தாள். கண் இன்னும் வீங்கியிருந்தது.

"நிக்கணும்னுதான்க்கா நெனச்சேன். முடியல. அந்த மூஞ்சியத்தான ரயிலு சன்னல்ல கடைசியாப் பாத்தேன். போய்ட்டு வேறொருத்தியால்ல திரும்பி வந்த. இம்புட்டு வருசங் கழிச்சு இப்பத்தேன் வந்து எறங்குற. அழுகாம என்ன செய்வேன்?"

"அதுக்காக?"

"முறுக்கு வேணுமா?" என்றாள்.

வாங்கிக்கொண்டேன். கடிக்கும்போது வலித்தது.

ஜூலை 22, செவ்வாய்

நேற்று ஒளிபரப்பானது. சேனலிலிருந்து சபாபதி சாருக்குப் போன் வந்ததாம். அந்த அழுகையை யார் எழுதினார்கள், பிரமாதம், இரண்டு பேரையும் மாற்றவே கூடாது என்றார்களாம். அட்டை கிடையாது. மங்கையர்க்கரசி நான்தான்.

காலையில் பால் வாங்கப் போனேன். கடைக்கார அம்மாள் கையைப் பிடித்துக்கொண்டாள். "சம்மந்தியம்மா என்னமா அழுதாங்க! எங்க வீட்ல எல்லாருக்கும் கண்ணு கலங்கிடுச்சு." மாடிவீட்டு மாமி லிஃப்டை நிறுத்தி வைத்துக்கொண்டு அதையேதான் சொன்னாள். வரதனின் சிநேகிதர்கள் எல்லாரும் எழிலரசி எழிலரசி என்கிறார்கள். சாயங்காலம் மறு ஒளிபரப்பில் உட்கார்ந்து பார்த்தேன். அவள் அழுகையை இடி முழக்கத்தோடு மூன்று தடவை காட்டுகிறார்கள். என் முகம் ஒரே ஒரு தடவை, அதுவும் பாதி அவள் உள்ளங்கைக்குள்.

என் மூக்கை ஒருத்தரும் பார்க்கவில்லை. ஊரில் ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் கூட அதைப் பற்றிக் கேட்கவில்லை. அத்தனை பேர் கண்ணையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டாள், பாவி.

நாளைக்கு அந்த அறையும் காட்சியைத் திரும்ப எடுக்கிறார்கள். கதை மாறியதால் இந்த முறை நான்தான் காந்திமதியை அறைய வேண்டுமாம். பளாரென்று சத்தம் கேட்கிற மாதிரி நிஜமாகவே அறையச் சொல்லிவிட்டார் சபாபதி சார். எனக்கென்ன கசக்குமா? இத்தனை நாள் எரிச்சலுக்கு வைத்து வாங்கிவிடுகிறேன்.

மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டும். அந்த மூக்கில் படாமல் பார்த்து அறைய வேண்டும்.